எடுக்காத ரத்தம்

குதிரை ஈக்கள் துரையைத் தாண்டிப் போயின.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தெர்மாமீட்டரும் கையுமாக முதல் பாக்ஸின் வலையைத் தூக்கியபோதுதான் உடையப்பன் அதைக் கவனித்தார். துரை பத்தொன்பது வயதுக் காயடித்த குதிரை. வெள்ளைக்காரத் துரை மாதிரி ஒருத்தனையும் மதிக்காது, அதனால் அந்தப் பேர். மழை விட்ட வெயிலில் வியர்த்து, முதுகிலிருந்து ஆவி பறக்க நின்றது. ஈ மொய்ப்பதற்கு அதைவிடத் தோதான உடம்பு கிடையாது. ஆனால் கட்டைவிரல் நகம் பருமன் இருந்த அந்த ஈக்கள், கூரைத் தகரத்துக்கும் வலைக்கும் நடுவிலிருந்த சந்தில் புகுந்து, துரையின் முதுகுக்கு மேலாகவே பறந்து, அடுத்த பாக்ஸில் நின்ற கருப்பனையும் சீந்தாமல், மூன்றாவது பாக்ஸுக்குள் போய் இறங்கின.

மூன்றாவது பாக்ஸ் காலி. நாற்பத்தொரு நாளாகக் காலி.

செம்மோர் பக்கத்து அந்த எஸ்டேட்டில் இப்போது பேருக்குக்கூட ஒரு பால்மரம் இல்லை. மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். செம்பனையில் பாதியை வெட்டி வீடு கட்ட விற்றார்கள். மீதியில் ஈப்போ பணக்காரப் பிள்ளைகள் குதிரையேறிப் பழக ஒரு கிளப் வந்தது. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுக் காயவைத்த பழைய புகைவீடு மட்டும், இடிக்கக்கூட யாருக்கும் மனசு வராமல், பெரிய லாயத்திலிருந்து முன்னூறு மீட்டர் தள்ளி ஒரு மூலையில் கிடந்தது. நோய்ச் சந்தேகம் உள்ள குதிரைகளை ஒதுக்கி வைக்க அதுதான் சரி என்று உள்ளே ஆறு பாக்ஸ் அடித்து, மேலிருந்து கீழ்வரை ஈ புகாத வலை மாட்டினார்கள். சுவரை எத்தனை தடவை கழுவினாலும் கறுப்புத்தான். மழை பெய்து நின்றதும் செங்கல்லுக்குள்ளிருந்து பழைய வாடை கிளம்பும். எரிந்த கட்டையும் புளித்த பாலும் கலந்த அந்த வாடையோடு குதிரை மூத்திரமும் கிருமி மருந்தும் சேர்ந்து, மூக்கின் உள்தோலில் பிசின் போல ஒட்டிக்கொள்ளும்.

அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் அவர் ஒருத்தர்தான். வேறு யாரும் உள்ளே வரக்கூடாது, அவரும் பெரிய லாயத்துப் பக்கம் போகக்கூடாது. அது குதிரை டாக்டரின் உத்தரவு.

உடையப்பன் வலையைத் தூக்கி மூன்றாவது பாக்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். தரையில் கொட்டிய சுண்ணாம்புத் தூள் கலையாமல் வெள்ளையாகக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு ஈயாவது உள்ளே வந்திருக்க வேண்டும், ஒன்றையும் காணோம். சத்தம் மட்டும் இருந்தது. ஓர் இடத்தில் உட்கார்ந்த ஈ சிறகைச் சரிசெய்துகொள்ளும்போது வருமே, அந்த முணுமுணுப்பு. கையை உள்ளே நீட்டினார். வாசலில் காற்று ஜில்லென்று இருந்தது. ஒரு முழம் தள்ளி, இடுப்பு உயரத்தில், வெதுவெதுப்பாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டார். கூரைத் தகரத்தின் சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மற்ற பாக்ஸ்களில் நின்ற நான்கு குதிரைகளுக்கும் காய்ச்சல் பார்த்து அட்டையில் எழுதினார். துரை, கருப்பன், ஐந்தாவது பாக்ஸில் சின்னவள், ஆறாவதில் ஒத்தைக்கண்ணன். ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லை.

மறுநாள் காலை பத்துமலை என்பவன் வைக்கோல் கட்டு ஏற்றிய தள்ளுவண்டியோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். பெரிய லாயத்துச் சைஸ். ஐம்பது வயசாகியும் வாய் ஓயாதவன்.

"அண்ணே! பசியாறியாச்சா?"

"ஆச்சு. நீ ஏன் அங்கயே நிக்கிற? உள்ள கொண்டாந்து வையி."

"ஐயோ, வேணாம் லா. டாக்டர் பாத்துச்சுன்னா என்னையும் புடிச்சு உங்ககூட உள்ள போட்டுரும்."

"உன்ன உள்ள போட்டா குதிரைங்கதான் பாவம். நோய் இல்லாமலே செத்துரும்."

பத்துமலை சிரித்தான். வைக்கோலைக் கேட்டோரம் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"அறுவதாம் நாளு டாக்டர் வருதாம். வியாழக்கிழம. நாலுக்கும் மறுபடி ரத்தம் எடுக்குமாம்."

"தெரியும்."

"இது தெரியுமா? கிளப் பாஸ் பழனியப்பன் முடிவா சொல்லிட்டாரு. இந்தத் தடவ ஒண்ணே ஒண்ணுக்குக் காய்ச்சல் கண்டாக்கூட, ரிசல்ட்டெல்லாம் பாக்காம நாலையும் முடிச்சிரணுமாம். டாக்டர் கெஞ்சிச்சுண்ணே, நான் பக்கத்துல நின்னேன். ஒரு குதிரைக்கு மட்டும் வந்திருந்தா, புதுசா வந்த குதிரை கொண்டாந்த நோயின்னு விட்டுரலாம், ரெண்டுக்கு வந்திருச்சே, அப்ப இங்கயே பரவுதுன்னுதானே அர்த்தம், நான் என்னா சொல்லிக் காப்பாத்துறதுன்னு அதுக்கே அழுகை வந்திருச்சு."

உடையப்பன் வைக்கோல் கட்டின் கயிற்றை அறுத்துக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை.

"அங்க ஈ எப்படிடா இருக்கு?"

"அதான் அதிசயம். ஒரு வாரமா ஒரு ஈ கிடையாது. எல்லாத்தையும் நீங்க கூப்புட்டு வச்சுக்கிட்டீங்களா?"

அவர் வைக்கோலை வாரிக்கொண்டு உள்ளே போனார்.

நடந்தது இதுதான். பாகான் செராய் பக்கமிருந்து மணி என்ற குதிரையை வாங்கி லாரியில் கொண்டுவந்தார்கள். வந்த இரண்டாம் மாதம் அது மெலிந்தது. ஈறு வெளுத்தது. டாக்டர் தினேஸ்வரி வந்து பார்த்துவிட்டு, இது ரத்தத்தில் குடியிருக்கும் வைரஸாக இருக்கலாம் என்றாள். வந்தால் சாகும்வரை போகாது. மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. குதிரை தேறிவிடும், நன்றாகத் தின்னும், ஓடும். ஆனால் அதைக் கடித்த ஈ அதே எச்சில் வாயோடு பக்கத்துக் குதிரையைக் கடித்தால் அதற்கும் வந்துவிடும். ரத்தத்தில் இருப்பது உறுதியானால் கொன்றுவிடுவதைத் தவிர வழியில்லை. மணிக்குப் பக்கத்தில் நின்ற ஐந்து குதிரைகளையும் சேர்த்து ஆறையும் புகைவீட்டுக்கு ஓட்டிவந்து, ரத்தம் எடுக்க நாள் குறித்தார்கள்.

அந்த ஐந்தில் ஒன்று செவலை. ஈப்போ பந்தயத் திடலில் உடையப்பன் வேலை பார்த்த காலத்தில் குட்டியாக வந்த பெண் குதிரை. பந்தயத்தில் தோற்று, விலை போகாமல், கடைசியில் இந்தக் கிளப்புக்கு வந்தபோது அவரும் அதன் பின்னாலேயே வந்தார். பெண்டாட்டி போன பிறகு அவர் வாய்விட்டுப் பேசியதெல்லாம் அதனிடம்தான். ரத்தம் எடுப்பதற்கு மூன்று நாளைக்கு முன்னாலிருந்து சாயங்காலமானால் அதன் காது சுட்டது. அட்டையில் அவர் அதை எழுதவில்லை. காய்ச்சல் வரும், போகும், அதுதான் அடையாளம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். நோய் வந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

படித்தவர்களை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. அவர்கள் கண்ணாடிக் குழாயில் பார்ப்பார்கள், காகிதத்தில் எழுதுவார்கள், ஒரு கையெழுத்தில் உயிரை எடுப்பார்கள். அதனால் பந்தயத் திடலில் கற்ற பழைய வேலையைச் செய்தார். மணியும் செவலையும் ஒரே நிறம், ஒரே உயரம். செவலைக்கு நெற்றியில் நட்சத்திரம் மாதிரி ஒரு வெள்ளை, மணிக்கு இல்லை. இரண்டும் கிழட்டுக் குதிரைகள், கழுத்துத் தோலுக்குள் அடையாளச் சிப்பு வைக்கும் வழக்கம் வருவதற்கு முந்தினவை. டாக்டர் வெளியே தகரக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டாள்; அவர் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் நிறுத்தினார். முதலில் மணி. பிறகு துரை, கருப்பன். நான்காவதாக மறுபடியும் மணி. தலைக்கயிற்றை மாற்றி, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை விரலில் தொட்டு நெற்றியில் ஒரு நட்சத்திரம் வைத்துக் கூட்டிவந்தார்.

"இது இடது பக்கம் ஊசி போட்டா ஒதைக்கும் டாக்டரம்மா. வலது கழுத்துல எடுங்க."

முதல் ஊசித் தழும்பு இடது கழுத்தில் இருந்தது. அந்தப் பெண் அவரை நம்பி வலது பக்கம் போனாள்.

மணிக்கு நோய் இருக்காது, சும்மா மெலிந்திருக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். கையால் தொட்டாலே தெரியும் என்ற திமிர். பத்து நாளில் காகிதம் வந்தது. மணிக்கு நோய் உறுதி. செவலைக்கும் உறுதி. மற்ற நான்குக்கும் இல்லை.

கொல்லக் குறித்த நாள் விடியற்காலையில் மூன்றாவது பாக்ஸில் செவலை பின்னங்காலைத் தூக்கியபடியே நின்றது. உடையப்பன் குளம்பைத் திருப்பிப் பார்த்துக் கத்தியால் லேசாகக் கீறினார். கறுப்பாகச் சீழ் பீறிட்டு அவர் முழங்கையில் அடித்தது. நாற்றம் தாங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அதன் காது குளிர்ந்துபோனது. காலை ஊன்றி, பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக வைக்கோல் மென்றது. காய்ச்சல் குளம்பிலிருந்து வந்த காய்ச்சல். அதற்கு ஒரு நோயும் இல்லை.

டாக்டர் வருவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

மூன்று மணி நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சுண்ணாம்புக் கதையையும் சொல்ல வேண்டும். கேட்டருகில் பழனியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், பத்துமலை நின்றான், குழி தோண்டும் இயந்திரக்காரன் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்பது வருசமாக உடையப்பன் பிடித்த குதிரை என்றால் டாக்டர்கள் அட்டையைக்கூடத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பேர் நாலு பேர் முன்னால் போய்விடும். டாக்டர் வந்ததும் அவர் வாயைத் திறந்தார். டாக்டர், "நல்லா பிடிச்சுக்கோங்க அங்கிள்" என்றாள். தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். செவலை அவர் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. அது விழுந்தபோது கயிறு அவர் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. புகைவீட்டுக்குப் பின்னால், அவர் பிறந்த தோட்டத்து லயவீடு இருந்த இடத்தில், இரண்டையும் தள்ளிச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள்.

அதுதான் நடந்தது. இனி நான்கு குதிரைகளின் உயிர் அவர் நாக்கில் இருந்தது. ஒரு குதிரைக்குத்தான் நோய், செவலைக்கு இல்லை என்று அவர் சொன்னால் டாக்டர் அவற்றைக் காப்பாற்றிவிடுவாள். சொன்னால் செவலையைக் கொன்றது யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நாற்பத்தைந்தாம் நாள், கூரைச் சந்துகளையெல்லாம் சாக்கும் தாருமாக அடைத்தார். ஈ நிற்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. நாற்பத்தெட்டாம் நாள் காலையில் நான்கு குதிரைகளும் தீனித் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. இரண்டு இந்தப் பக்கம் பார்த்தபடி, இரண்டு அந்தப் பக்கம் பார்த்தபடி. எல்லாவற்றின் தலையும் மூன்றாவது பாக்ஸை நோக்கி. ஒத்தைக்கண்ணன்கூடக் கழுத்தை முறுக்கி, நல்ல கண்ணை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. மணி நின்ற நான்காவது பாக்ஸும் காலிதான். அதை எதுவும் பார்க்கவில்லை. அதற்குள் ஓர் ஈயும் போகவில்லை.

அன்றைக்கு அவர் புகை போட்டார். பழைய அடுப்பில் பனைமட்டையும் ஈர வைக்கோலும் வைத்துக் கொளுத்தினார். புகை தரையோடு ஊர்ந்து, ஒவ்வொரு பாக்ஸிலும் குதிரையின் காலைச் சுற்றி, வயிற்றைத் தொட்டு, முதுகில் ஏறிக் கூரைக்குப் போனது. மூன்றாவது பாக்ஸில் புகை நுழைந்தது. நுழைந்து, நடுவில் எதையோ சுற்றிக்கொண்டு போனது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாளித் தண்ணீரை அடுப்பில் கொட்டினார். இருமல் அடங்க அரை மணி நேரம் ஆனது.

ஐம்பத்திரண்டாம் நாள் சாயங்காலம். கம்போங் பக்கம் சூராவிலிருந்து, அந்தச் சின்னத் தொழுகை வீட்டிலிருந்து, பாங்கு சத்தம் வந்து அடங்கிவிட்டது. இருட்டு இறங்கும் நேரத்தில் குதிரை ஈ பறக்காது. வெளிச்சத்தில் கடிக்கும் சாதி அது. உடையப்பன் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே மூன்றாவது பாக்ஸைத் தாண்டப் போனவர், நின்றார்.

ஈக்கள் உட்கார்ந்திருந்தன.

சுவரில் இல்லை. வலையில் இல்லை. காற்றில். முதலில் ஒரு கோடு மாதிரி, அவர் நெஞ்சு உயரத்தில், நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்த ஒரு கோடு. முதுகு. பிறகு அதற்குக் கீழே அடர்த்தியாக ஒரு வளைவு. வயிறு. ஈ அதிகமாகப் பிடிக்கும் இடங்கள் அவருக்குத் தெரியும். காலின் உள்பக்கம், கழுத்தின் கீழ், கண்ணோரம். அந்த இடங்களில்தான் ஈக்கள் கும்பலாக இருந்தன. மற்ற இடங்களில் ஒன்றிரண்டு. இல்லாத ஒரு உடம்பின் மேல் நூறு ஈ. அவை மேலும் கீழுமாக மெதுவாக அசைந்தன. எல்லாம் ஒன்றாக. மூச்சு விடுவது மாதிரி.

பின்னங்கால் ஒன்று தரையைத் தொடவில்லை. அந்தக் காலில் இருந்த ஈக்கள் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நின்றன.

"சூ" என்றார். சாக்கை எடுத்து வீசினார். ஈக்கள் கிளம்பவில்லை. கழுத்தில் இருந்த கும்பல் மட்டும் திரும்பியது. மெதுவாக. அவர் பக்கம்.

அன்றைக்கு மற்ற குதிரைகளுக்குக் காய்ச்சல் பார்க்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்திலிருந்த தன் குடிசையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளங்கையில் கயிறு உரித்த புண் ஆறி மூடிக் கிடந்தது. தடவிக்கொண்டே இருந்தார். விடிந்ததும் போய்ப் பார்த்தபோது மூன்றாவது பாக்ஸில் ஒன்றுமில்லை. சுண்ணாம்புத் தரையில் ஒரு கால்தடம்கூட இல்லை. ஆனால் கருப்பனின் கழுத்தில், வலைக்கு உள்ளே இருந்த கருப்பனின் கழுத்தில், ஓர் ஈ கடித்த வீக்கம் இருந்தது. நடுவில் காய்ந்த ரத்தப் பொட்டு.

ஒன்று. ஐம்பத்து மூன்று நாளில் முதல் தடவை.

அந்தச் சாயங்காலம் துரைக்கு இரண்டு. அடுத்த நாள் சின்னவளுக்கு. செத்துப்போனது பசியோடு நிற்கிறதா, கோபத்தோடு நிற்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அது தனக்காக வந்திருந்தால் தன்னைக் கடித்திருக்கும். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் உடம்போடு மூன்றாவது பாக்ஸுக்கு முன்னால் ஒரு மத்தியானம் முழுக்க நின்று பார்த்தார். ஓர் ஈயும் அவர் மேல் உட்காரவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தார். பேர் போனால் போகட்டும். நாலு குதிரையாவது பிழைக்கட்டும். சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும் என்று நம்பினார். நம்புவதற்கு வேறு ஒன்றும் அவரிடம் இல்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கே வானம் கறுத்துவிட்டது. சுண்ணாம்புக்கல் மலைகள் ஒவ்வொன்றாக மழைக்குள் மறைந்தன. டாக்டர் தினேஸ்வரி வெள்ளை மேலங்கியும் பூட்ஸுமாக வந்து, வாசலில் இருந்த கிருமி மருந்துத் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

"எப்படி இருக்கீங்க அங்கிள்? மூஞ்சி என்ன இப்படி ஆயிருச்சு?"

"கெழவன் மூஞ்சி வேற எப்படி இருக்கும். வாங்க."

மழையால் கொட்டகையில் உட்கார முடியவில்லை. உள்ளேயே ஒவ்வொரு பாக்ஸாகப் போய் எடுத்தாள். துரை. கருப்பன். சின்னவள். ஒத்தைக்கண்ணன். ஒவ்வொன்றுக்கும் புது ஊசி, புதுக் கையுறை. நான்கு குழாய்களிலும் பேர் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்தாள். ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லை. பெட்டியை மூடப்போனாள்.

"டாக்டரம்மா. ஒரு விசயம்."

"சொல்லுங்க."

சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு மணியையே ரெண்டு தடவ கொண்டாந்தேன். நெத்தியில வெத்தலச் சுண்ணாம்பு வச்சேன். செவலைக்கு நோயே இல்ல. கொளம்புல சீழு. நீங்க ஊசி போட்ட அன்னைக்குக் காலையிலயே எனக்குத் தெரியும்."

தகரத்தில் மழை அடித்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தார். அவள் போட்டிருந்த கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். புதிதாக ஒன்றை எடுத்து விரல் விரலாக மாட்டிக்கொண்டாள்.

"அப்ப செவலை ரத்தம் எங்கிட்ட வரவே இல்ல."

"வரல."

"வலது கழுத்துன்னு சொன்னீங்க. நானும் போனேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பரவால்ல அங்கிள். இப்பவாவது சொன்னீங்க. இந்த நாலையும் விடணும்னா பழைய ரிப்போர்ட்டத் திருத்தி எழுதணும். திருத்தி எழுத எனக்குச் செவலை ரத்தம் வேணும்."

"அதுக்கு இப்ப எங்க..."

அவள் ஐந்தாவது குழாயை எடுத்துவிட்டாள். பேனாவால் அதில் பேர் எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார். எண்களைத் தவிர வேறு எழுத்துப் படிக்கத் தெரியாத அவருக்குக்கூட அந்தப் பேரின் எழுத்துகள் பழக்கம். பதினான்கு வருசம் ஒரு பாக்ஸ் கதவில் பார்த்த எழுத்துகள்.

"தலைக்கயிறு எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தார். இல்லை. அவள் முகத்தில் கிண்டல் இல்லை. வேலை செய்யும்போது இருக்கும் முகம். மூன்றாவது பாக்ஸின் வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவரும் போனார். ஆணியில் தொங்கிய பழைய தலைக்கயிற்றை அவர் கை எடுத்திருந்தது. எப்போது எடுத்தது என்று தெரியவில்லை.

ஈக்கள் இருந்தன. இந்தத் தடவை இடைவெளி இல்லை. முதுகு, வயிறு, கால், காது. கறுப்பாக, பளபளவென்று, முழுதாக.

"டாக்டரம்மா. நீங்கதானே அதுக்குக் கடைசி ஊசி..."

"ஹோ... ஹோ... ஒண்ணுமில்லடா கண்ணு" என்றாள் அவள். ஈக்களின் மேல் கையை வைத்தாள். தடவினாள். கை படும் இடத்தில் ஈக்கள் விலகின. விலகிய இடத்தில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததன் மேல் அவள் கட்டைவிரலை வைத்து அழுத்தி, நரம்பு எழும்பக் காத்திருந்தாள்.

"தலைய மாட்டிப் பிடிங்க அங்கிள்."

அவர் கயிற்றை நீட்டினார். நீட்டிய கயிறு கீழே விழவில்லை.

கனத்தது. சூடாக ஒரு மூச்சு முழங்கையில் பட்டது. வைக்கோல் வாடை.

ஊசி காற்றில் ஏறியது. குழாயின் அடியில் ஒரு சிவப்புத் துளி. பிறகு கோடு. பிறகு அது ஏறியது. கெட்டியாக. கறுத்த சிவப்பாக. ஆவி பிடித்துக் குழாயின் கண்ணாடி மங்கியது.

"இந்தத் தடவ இடது பக்கமே குடுத்துருச்சு பாருங்க. ஒதைக்கவே இல்ல."

குழாய் நிறைந்தது. மூடினாள். பெட்டியில் வைத்தாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"முடிஞ்சுது. இதையும் மத்ததுங்களோட விட்டுருங்க. தனியா நின்னது போதும்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. கயிறு இறுகியது. இழுத்தது. அவர் இழுக்கவில்லை. கால்கள் நடந்தன.

வெளியே டாக்டரின் காடி கிளம்பும் சத்தம். மழை.

முதல் பாக்ஸில் துரை பின்வாங்கியது. யாரையும் மதிக்காத குதிரை. புட்டம் சுவரில் இடிக்க, கண்ணின் வெள்ளை தெரிய, வாயில் நுரை. சத்தம் போடவில்லை. நடுங்கியது. பக்கத்தில் கருப்பன் தலையால் பலகையை இடித்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

உடையப்பன் துரையின் வலைக்கு முன்னால் நின்றார். கயிற்றை விட நினைத்தார். விரல்கள் மூடியபடியே இருந்தன. அவருக்குப் பின்னால் ஈக்கள் ஓர் உடம்பாக நின்று, ஓர் உடம்பாக மூச்சு விட்டன. தோளில் ஏதோ வந்து அமர்ந்தது. ஈரமான, மென்மையான மூக்கு.

மறு கை எழும்பியது. வலையின் கொக்கியைக் கழற்றியது.

வலை திறந்தது.